வரைபடம், வீடியோ, தேடல் சேர்த்து ஒரு விளையாட்டு: யோசனை சொல்லுங்கள்

நண்பர்களே, வீட்டுப் பிள்ளைகளுக்காக ஒரு துப்பறியும் விளையாட்டு தயாரித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் உதவி வேண்டும்.

கூகுள் எர்த்தின் டைம்லாப்ஸில் (ஓர் இடம் ஆண்டுதோறும் மாறுவதைச் செயற்கைக்கோள் படங்களால் வேகமாக ஓட்டிக் காட்டும் வசதி) ஓர் இடத்தை 1984-லிருந்து ஓடவிட்டுக் காட்டுவேன். பெயர் சொல்ல மாட்டேன். மத்திய ஆசியாவின் ஏரல் கடல் வற்றிக்கொண்டே போவதும், துபாய்க் கடலில் பனைமர வடிவத் தீவு முளைப்பதும் பார்க்கப் பார்க்கச் சிலிர்க்கும்! அது எந்த இடம், ஏன் அப்படி மாறியது என்பதைப் பிள்ளைகள் தேடுபொறியில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். (ஏரல் கடலுக்கு விடை: பருத்திச் சாகுபடிக்காக ஆறுகளைத் திருப்பிவிட்டார்கள்.)

அப்புறம் ஸ்ட்ரீட் வியூ (தெருவில் நின்று சுற்றிப் பார்ப்பதுபோல் காட்டும் கூகுள் வரைபட வசதி) சுற்று. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பலகைகளில் என்ன எழுத்து, வண்டிகள் சாலையின் எந்தப் பக்கம் போகின்றன, நிழல் எந்தத் திசையில் விழுகிறது என்று ஒவ்வொன்றாகக் கவனித்து நாட்டையே பிடித்துவிடலாம்.

இப்போது என் கேள்வி. விண்வெளியிலிருந்து அந்த இடத்துக்குக் கேமரா இறங்கி வருவதுபோல் எர்த் ஸ்டுடியோவில் (கூகுள் எர்த் படங்களைக் கொண்டு அசைபடம் செய்யும் கூகுள் கருவி) ஒரு தொடக்கக் காட்சி செய்திருக்கிறேன். அது நூற்றுக்கணக்கான தனித்தனிப் படங்களாகப் பதிவிறங்குகிறது. அவற்றை ஒரே வீடியோவாகக் கோக்க, பழைய கணினியிலும் திணறாமல் ஓடும் இலவச மென்பொருள் எது? படத்தின் ஓரத்தில் வரும் கூகுள் பெயரும் தரவு உரிமைக் குறிப்பும் வெட்டுப்படக் கூடாது. அவை இருந்தே ஆக வேண்டும் என்பது விதி.

காட்டாறு திசை மாறியது, பனிப்பாறை பின்வாங்கியது போல டைம்லாப்ஸில் பளிச்சென்று தெரியும் இடங்கள் உங்களுக்குத் தெரிந்தால் அவற்றையும் சொல்லுங்கள்.