நண்பர் வீட்டில் தங்கினால் ஒரு யூரோகூடச் செலவில்லையா?

பத்தாம்வட்டாரன் எழுதியது:

"முதுகுப்பையோடு நான்கு நகரங்கள்" என்ற தலைப்பில் ஊர்க்குருவி எழுதியிருக்கும் பயணக் குறிப்பைப் படித்தேன். பாரிஸ், கொலோன், வியன்னா, வெனிஸ் என்று சுற்றியிருக்கிறார். வழிநெடுகக் கல்லூரி நண்பர்களின் வீடுகளிலேயே தங்கியிருக்கிறார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் "தங்குமிடத்துக்கு ஒரு யூரோகூடச் செலவாகவில்லை, ஐரோப்பாவில் நண்பர்கள் இருக்கும் எவருக்கும் இது சாத்தியம்" என்று அவர் முடித்திருப்பதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பாரிஸில் நெடுங்காலமாக விருந்தாளிகளுக்குக் கதவு திறந்துவிடுகிற ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்தியாவிலிருந்தோ இலங்கையிலிருந்தோ குறுகிய கால விசாவில் வருகிறவர் பிரான்சில் ஒருவருடைய வீட்டில் தங்கப்போவதாகச் சொன்னால், அந்த வீட்டுக்காரர் தம் நகரசபைக்குச் சென்று "அத்தெஸ்தாசியோன் தக்கேய்" என்னும் வரவேற்புச் சான்றைப் பெற்று அனுப்ப வேண்டும். வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று, விருந்தாளியைத் தங்கவைக்க வீட்டில் இடம் போதுமா என்பதற்கான விவரம் ஆகிய அனைத்தையும் காட்ட வேண்டும். வந்தவரிடம் பணம் இல்லாமல் போனால் அவருடைய செலவை நானே ஏற்பேன் என்று கையெழுத்தும் இட வேண்டும். இதற்கான முத்திரை வரி 30 யூரோ. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டாலும் அந்த 30 யூரோ திரும்பி வராது. ஆகவே ஊர்க்குருவியிடம் ஒரே ஒரு கேள்வி: அந்த 30 யூரோவைக் கொடுத்தது யார்?

ஊர்க்குருவி எழுதியது:

என் குறிப்பை முழுமையாகப் படித்திருந்தால் இந்தக் கேள்வி எழுந்திருக்காது. விசாவுக்கு ஆன செலவு அங்கே தனித் தலைப்பில் இருக்கிறது. 2024 ஜூனில் 80 யூரோவிலிருந்து 90 யூரோவாக உயர்ந்த விசாக் கட்டணம், குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு, விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். வரவேற்புச் சான்று விசா விண்ணப்பத்தோடு இணைக்கிற ஓர் ஆவணம். அதற்கான 30 யூரோ விசாவின் செலவே தவிர தங்குமிடத்தின் செலவு அல்ல. விமானச் சீட்டுக்குப் புகைப்பட நகல் எடுத்த செலவையும் தங்குமிடக் கணக்கில் சேர்க்கச் சொல்வாரோ பத்தாம்வட்டாரன்?

பத்தாம்வட்டாரன் எழுதியது:

கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் வரவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். இதே விசாவுக்கு, விடுதியில் தங்குவதாக முன்பதிவைக் காட்டி விண்ணப்பிக்கிறவருக்கு வரவேற்புச் சான்று தேவையில்லை. அந்த 30 யூரோவும் இல்லை. நண்பர் வீட்டில் தங்குகிறேன் என்று சொன்ன மறுகணமே அது வந்து சேருகிறது. தங்குமிடத்தைத் தேர்ந்ததால் மட்டுமே வந்த செலவு தங்குமிடச் செலவு இல்லை என்றால், அந்தக் கணக்கை எந்தப் பள்ளியில் சொல்லித் தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

முத்திரை வரியோடு முடிவதும் இல்லை. பாரிஸில் வாடகைக்கு விடச் சட்டம் அனுமதிக்கும் மிகச் சிறிய அறையின் பரப்பு 9 சதுர மீட்டர். எங்கள் வீடு அதைவிடப் பெரியது என்றாலும், படுக்கையாக மாறும் கிளிக்-கிளாக் சோபாவை விரித்துவிட்டால் சமையலறைக் கதவு பாதிதான் திறக்கும். நீர்ச்சூடாக்கி, மின்கட்டணம் குறைந்த இரவு நேரத்தில் மட்டும் சூடேறும்படி அமைக்கப்பட்டது. விருந்தாளி குளித்துவிட்டு வெளியே வரும்போது கண்ணாடி முழுவதும் ஆவி படிந்திருக்கும். அடுத்துக் குளிக்கப்போகும் என் மனைவிக்குக் குளிர்ந்த நீர்தான் வரும். அவர் கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து வாளியில் கலந்து குளித்துவிட்டு வேலைக்கு ஓடுவார். இதை நாங்கள் மனமுவந்துதான் செய்கிறோம். விருந்தாளியிடம் ஒருபோதும் சொன்னதில்லை. ஆனால் போனவர் ஊருக்குத் திரும்பி "ஒரு யூரோகூடச் செலவில்லை" என்று எழுதினால் சொல்லாமல் இருக்க முடியாது.

கொலோன்கோதை எழுதியது:

ஜெர்மனியின் நிலையையும் இங்கே பதிவு செய்கிறேன். விருந்தாளி தம் சொந்தப் பணத்தில் வருகிறார், வங்கிக் கணக்கைக் காட்டுகிறார் என்றால், வீட்டுக்காரர் எழுதிக் கையெழுத்திட்ட சாதாரண அழைப்புக் கடிதமே போதும். வீட்டுக்காரரே எல்லாச் செலவையும் ஏற்பதாக இருந்தால்தான் வெளிநாட்டவர் அலுவலகத்தில் பொறுப்பேற்புப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதற்குக் கட்டணம் 29 யூரோ. ஆகவே கொலோனைப் பொறுத்தவரை ஊர்க்குருவி எழுதியது முற்றிலும் சரி. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களிடம் நாங்கள் தண்ணீர்க் கணக்குப் பார்ப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொள்கிறேன்.

பத்தாம்வட்டாரன் எழுதியது:

கோதை அவர்களே, நான் கேட்டது பாரிஸைப் பற்றி. கொலோனில் கடிதம் போதும் என்பதால் பாரிஸின் 30 யூரோ மறைந்துவிடாது. தண்ணீர்க் கணக்குப் பார்க்கிறவன் நான் என்றால், என் வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவராவது முன்வந்து சொல்லட்டும். நான் கணக்குக் கேட்பது, செலவே இல்லை என்று ஊருக்கு அறிவித்தவரிடம்.

தண்டவாளம் எழுதியது:

இருவரும் 30 யூரோவுக்காக மல்லுக்கட்டுகிறீர்கள். அந்தக் குறிப்பின் பெரும்பிழை வேறொன்று. வியன்னாவிலிருந்து வெனிஸுக்குச் சென்ற இரவு ரயிலுக்கு, ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் இத்தனை பயண நாட்கள் என்று கணக்கிட்டுப் போக உதவும் யூரெயில் பாஸில் இரண்டு பயண நாட்கள் கழிந்தன என்று ஊர்க்குருவி எழுதியிருக்கிறார். இது தவறு. நள்ளிரவுக்கு முன் ஏறி, நள்ளிரவுக்குப் பின் வேறு ரயிலுக்கு மாறாமல் இறங்கினால், புறப்பட்ட நாள் ஒன்று மட்டுமே கழியும். முன்பு மாலை ஏழு மணிக்குப் பிறகு ஏறினால் மறுநாளைக் கணக்கிடும் விதி ஒன்று இருந்தது, அது நீக்கப்பட்டுவிட்டது. பாரிஸிலிருந்து கொலோனுக்கு யூரோஸ்டார் அதிவேக ரயிலில் போகிறவர், பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்பதையும் அவர் எழுதவில்லை. பாஸ்காரர்களுக்கென ஒதுக்கும் இடங்கள் குறைவு என்பதால், கடைசி நேரத்தில் போனால் அதுவும் கிடைக்காது. நண்பர் வீட்டுக்கு இன்ன தேதியில் வருகிறேன் என்று வாக்குக் கொடுப்பதற்கு முன் இதைத்தான் பார்க்க வேண்டும்.

ஊர்க்குருவி எழுதியது:

தண்டவாளம் அவர்களுக்கு: என் நண்பர் வெனிஸில் குடியிருக்கவில்லை. வெனிஸில் வாடகை கொடுத்து வாழ அவரால் முடியாது. அவர் படிப்பது 1222இல் தொடங்கிய பதுவா பல்கலைக்கழகத்தில், வீடும் பதுவாவில்தான். ஆகவே காலையில் வெனிஸில் இறங்கியவுடன் வட்டார ரயில் பிடித்துப் பதுவாவுக்குச் சென்றேன். அந்த இரண்டாவது ரயிலுக்காகத்தான் இரண்டாவது நாள் கழிந்தது. இதில் பிழை எங்கே இருக்கிறது?

பத்தாம்வட்டாரன் அவர்களுக்கு: கேள்விக்குப் பதில் இதோ. பாரிஸ் நண்பர்தான் அந்த 30 யூரோவைக் கட்டினார். நான் திருப்பிக் கொடுக்க முயன்றபோது வாங்க மறுத்துவிட்டார். என் குறிப்பு என் செலவுக் கணக்கு. என் பையிலிருந்து போகாத பணத்தை என் கணக்கில் எப்படி எழுதுவது? நான் வெறுங்கையோடு போகவும் இல்லை. வீட்டில் அரைத்த சாம்பார்ப்பொடியும், அப்பளமும், ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கொண்டுபோய்க் கொடுத்தேன். தங்கியிருந்த நாட்களில் இரவுச் சமையலும் என்னுடையதுதான்.

தண்டவாளம் எழுதியது:

பிழை அங்கேதான் இருக்கிறது. வெனிஸிலிருந்து பதுவாவுக்கு வட்டார ரயிலில் அரை மணி நேரப் பயணம். சில யூரோவில் தனிச்சீட்டு கிடைக்கும். அதற்காகப் பாஸின் ஒரு முழுப் பயண நாளைச் செலவழித்துவிட்டு, இரவு ரயிலின் மேல் பழி போட்டால், அதைப் படித்து இரவு ரயிலையே தவிர்ப்பார்கள். இரவு ரயிலால் கழிந்தது ஒரு நாள். ஒரே நாள்.

கொலோன்கோதை எழுதியது:

பால்கோவாவா? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர் தம் பயணப் பையில் பால் பொருட்களையும் இறைச்சிப் பொருட்களையும் கொண்டுவரத் தடை இருக்கிறது. சுங்கத்தில் கண்டால் பறிமுதல் செய்து அழித்துவிடுவார்கள், அபராதமும் வரலாம். இதைப் படித்து இன்னொருவர் நெய்யும் பால்கோவாவும் எடுத்துக்கொண்டு பிராங்க்ஃபர்ட்டில் வந்து நிற்காமல் இருக்க வேண்டும்.

ஊர்க்குருவி எழுதியது:

பால்கோவாவைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

பத்தாம்வட்டாரன் எழுதியது:

ஆக, 30 யூரோ கட்டப்பட்டது என்று இப்போது எழுத்தில் வந்துவிட்டது. கட்டியவர் நண்பர், வாங்க மறுத்தவரும் அவரே. தம்பி, அவர் வாங்க மறுத்தது அவருடைய பெருந்தன்மை. அந்தப் பெருந்தன்மையை எழுதியிருந்தால் நான் கைகூப்பியிருப்பேன். "என் நண்பர் நகரசபையில் வரிசையில் நின்று, 30 யூரோ கட்டி, எனக்காகக் கையெழுத்திட்டார்" என்று ஒரே ஒரு வரி. நீங்கள் எழுதியதோ "செலவாகவில்லை" என்று. செலவாகவில்லை என்பதற்கும் வேறொருவர் செலவழித்தார் என்பதற்கும் வேறுபாடு தெரியாதவராக நான் உங்களை நினைக்கவில்லை.

நகரசபை விரும்பினால், சொன்னபடி இடம் இருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் அனுப்பலாம். எங்களைப் போன்றவர்கள், அதுவும் வதிவிட அட்டையைக் குறித்த காலத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டே வாழ்கிறவர்கள், இப்படி ஒரு படிவத்தில் கையெழுத்திடும்போது என்ன யோசிப்போம் என்பது சுற்றிப் பார்க்க வந்தவருக்குத் தெரியாது. விருந்தாளி விசாக் காலம் கடந்தும் தங்கிவிட்டால், பெயர் கெடுவது எனக்கு. அடுத்த முறை என் தங்கை பிள்ளைக்குச் சான்று கேட்டுப் போகும்போது கவுண்டரில் நிற்கப்போவதும் நான். அந்தக் கையெழுத்தின் விலை 30 யூரோவைவிட மிக அதிகம். குறைந்தபட்சம் அந்த 30 யூரோவையாவது எழுதுங்கள் என்கிறேன்.

ஊர்க்குருவி எழுதியது:

முதலில், என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம். நமக்குள் அப்படி ஓர் உறவோ பழக்கமோ இல்லை. இரண்டாவதாக, இந்தக் கோபம் எதனால் என்று எனக்குத் தெரியும். குறுகிய கால விசாவில் எத்தனை நாள் தங்கலாம் என்னும் 90 நாள் விதியைப் பற்றிய பழைய விவாதத்தில் நான் சொன்னதை உங்களால் ஏற்க முடியவில்லை. அந்தக் கணக்கை இப்போது 30 யூரோ என்ற பெயரில் தீர்க்கிறீர்கள். மூன்றாவதாக, பிரான்ஸ் அரசின் எந்த விதியிலாவது அந்த முத்திரை வரியைத் "தங்குமிடக் கட்டணம்" என்று எழுதியிருந்தால் காட்டுங்கள். அது விசாவுக்கான ஆவணம். அதன் செலவு விசாச் செலவு.

பத்தாம்வட்டாரன் எழுதியது:

பழைய விவாதத்தை இழுத்தது நீங்கள், எனவே நினைவூட்டுகிறேன். ஜனவரி முதல் ஜூன் வரை 90 நாள், ஜூலை முதல் டிசம்பர் வரை இன்னொரு 90 நாள் என்று எழுதியவர் நீங்கள். விதி அதுவல்ல, ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகள் அடங்கிய ஷெங்கன் பகுதியில் இருக்கிற ஒவ்வொரு நாளிலிருந்தும் பின்னோக்கி 180 நாட்களை எண்ணி, அதற்குள் 90 நாட்களைத் தாண்டியிருக்கக் கூடாது என்று திருத்தியவன் நான். உங்கள் கணக்கை நம்பி ஜூலை முதல் தேதி மறுபடியும் வந்திருந்தால் எல்லையிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். நண்பர் வீட்டில் மாதக்கணக்கில் தங்க நினைப்பவர்களுக்கு அந்தப் பிழை எவ்வளவு ஆபத்தானது என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விசா ஆவணம் என்று எத்தனை முறை எழுதினாலும், விடுதியில் தங்குகிறவருக்கு இல்லாத 30 யூரோ நண்பர் வீட்டில் தங்குகிறவருக்கு ஏன் வந்தது என்பதற்கு நீங்கள் பதில் தரவில்லை.

ஊர்க்குருவி எழுதியது:

ஜனவரி, ஜூன் என்று நான் எழுதியது எடுத்துக்காட்டுக்காக. அதை விதியாகத் திரித்தது நீங்கள்.

ஆடிஜேக்கரை எழுதியது:

நான் இத்தாலியில் இருக்கிறேன். இங்கே ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத ஒருவரை வீட்டில் தங்கவைத்தால், 48 மணி நேரத்துக்குள் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; தவறினால் வீட்டுக்காரருக்கு அபராதம். ஆஸ்திரியாவிலும் மூன்று நாளைத் தாண்டித் தங்குகிறவர் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. பதுவா நண்பர் இதைச் செய்தாரா, வியன்னாவில் பதிவு நடந்ததா என்பதை ஊர்க்குருவி எழுதினால் பலருக்குப் பயன்படும். விருந்தாளிகள் இதைக் கேட்பதே இல்லை. வீட்டுக்காரர்கள் பலருக்கும் தெரிவதில்லை.

தண்டவாளம் எழுதியது:

பயனுள்ள தகவல். ஆனால் இரவு ரயிலைப் பற்றிய அந்த வரி இன்னும் திருத்தப்படவில்லை.

ஊர்க்குருவி எழுதியது:

எந்த வரியையும் திருத்தப்போவதில்லை. பாஸில் இரண்டு நாட்கள் கழிந்தன, நடந்ததை எழுதினேன். தங்குமிடத்துக்கு நான் ஒரு யூரோகூடக் கொடுக்கவில்லை, நடந்ததை எழுதினேன். பதுவாவிலும் வியன்னாவிலும் என் நண்பர்கள் என்ன பதிவு செய்தார்கள் என்பது அவர்கள் வீட்டு விஷயம். பொதுவில் எழுத எனக்கு உரிமை இல்லை. நண்பர்கள் அன்போடு கொடுத்ததை யூரோவாக மாற்றிப் பட்டியலிடுவதுதான் அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை என்று நான் நினைக்கிறேன்.

பத்தாம்வட்டாரன் எழுதியது:

"ஒரு யூரோகூட" என்று யூரோவில் கணக்கை முதலில் எழுதியவர் நீங்கள். அன்பை யூரோவில் அளந்ததும் அந்த வரிதான். வீட்டு விஷயம் என்று இப்போது சொல்கிறீர்களே, அந்த வீடுகளின் பெயரில்தானே "எவருக்கும் சாத்தியம்" என்று ஊருக்கெல்லாம் எழுதினீர்கள்? அந்த வரியை நம்பி இந்தக் கோடையில் எத்தனை பேர் தம் பாரிஸ் நண்பர்களுக்கு எழுதப்போகிறார்கள், அந்த நண்பர்கள் எத்தனை பேர் இல்லை என்று சொல்லக் கூசி நகரசபை வரிசையில் போய் நிற்கப்போகிறார்கள் என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். உங்கள் நண்பர் முத்திரை வரிக்கான ரசீதை வைத்திருப்பார். அதில் எழுதியிருப்பது 30 யூரோவா, சுழியமா என்று அவரிடமே கேட்டு இங்கே எழுதுங்கள்.

ஊர்க்குருவி எழுதியது:

விசாச் செலவுக்கான ரசீதில் விசாச் செலவுதான் இருக்கும். அவரிடம் கேட்க வேண்டிய தேவை எனக்கு இல்லை.