335 வாட் சோலார் பேனல் ரெண்டுக்கு எந்த சார்ஜ் கன்ட்ரோலர்?

மலைத்தோட்டம்:
கொடைக்கானல் பக்கம் தோட்டத்து வீடுங்க, கரண்ட் லைன் இல்ல. 335 வாட் பேனல் ரெண்டு, ஸ்டிக்கர்ல விஓசி (லோடு இல்லாதப்ப வர்ற வோல்டேஜ்) 46, ஐஎஸ்சி (ஷார்ட் பண்ணா வர்ற ஆம்ப்) 9.2ன்னு இருக்கு, பேட்டரி 12 வோல்ட் 150 ஏஹெச் டியூபுலர். கடைல 20 ஆம்ப் பிடபிள்யூஎம் வகை கன்ட்ரோலர் போதும்ங்கறாங்க, சரியா?

வெயில்காரன்:
வேணாங்க. பிடபிள்யூஎம் பேனலை பேட்டரி வோல்டேஜுக்கே இழுத்துரும், 9 ஆம்ப் 13 வோல்ட், பேனலுக்கு 120 வாட் கூட தேறாது. எம்பிபிடி வகை தான், அது பேனலோட முழு பவரையும் எடுத்து பேட்டரி வோல்டேஜுக்கு மாத்திக் குடுக்கும்.

ஒயர்மேன்:
பேனல் பக்கம் 100 வோல்ட் வரைக்கும் தாங்குற எம்பிபிடி மாடல்னா ரெண்டு பேனலையும் சீரிஸ் போட்றாதீங்க, 46ம் 46ம் 92 தானேன்னு தோணும், ஆனா உங்க ஊரு டிசம்பர் காலைக் குளிர்ல விஓசி ஏறி 97, 98ன்னு போய் நிக்கும். பேரலல் சேஃப்.

பேட்டரிதாசன்:
எம்பிபிடி போட்டா 12 வோல்ட்ல 48 ஆம்ப் வரும், ஒத்த 150 ஏஹெச் பேட்டரிக்கு ரொம்ப ஜாஸ்தி. அதே மாடல் பேட்டரி இன்னொண்ணு சீரிஸ்ல சேத்து 24 வோல்ட் ஆக்குங்க, 30 ஆம்ப் எம்பிபிடி போதும். இன்வெர்ட்டரும் 24 வோல்ட்டா இருக்கணும், பாத்துக்கோங்க.