நூர்பர்க்ரிங் நேரங்களை ஒப்பிடுவதில் சிக்கல்: உதவி வேண்டும்

லம்போர்கினி அவென்டடோர் எஸ்விஜே, கார்வெட் இசட்ஆர்1எக்ஸ். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையில் இந்த இரண்டு கார்களில் எது வேகம் என்று எழுத உட்கார்ந்து மூன்று வாரம் ஆகிறது, முடிக்க முடியவில்லை.

எஸ்விஜே ஒரு சுற்றுக்கு 2018-இல் எடுத்தது 6:44.97 (நிமிடம்:நொடி). ஆனால் அது பழைய 20.6 கி.மீ. அளவு. இசட்ஆர்1எக்ஸ் 2025-இல் எடுத்த 6:49.275 முழுச் சுற்றுக்கு, அதாவது 20.832 கி.மீ. டி13 பார்வையாளர் மேடையை ஒட்டிய நேர்பாதைதான் இடையில் உள்ள வித்தியாசம்.

இரண்டு அளவிலும் நேரம் வெளியிட்ட கார்களைப் பார்த்தேன். மெர்சிடிஸ் ஏஎம்ஜி ஜிடி பிளாக் சீரிஸ் பழைய அளவில் 6:43.616, முழுச் சுற்றில் 6:48.047; போர்ஷே 911 ஜிடி3 அதேபோல் 6:55.34, 6:59.927. இடைவெளி சுமார் நாலரை நொடி. அதை எஸ்விஜே நேரத்தோடு கூட்டினால் 6:49.4 தாண்டுகிறது. கிட்டத்தட்ட சமம்! 770 குதிரைத்திறன் கொண்ட வி12 (12 சிலிண்டர்) காரும் 1,250 குதிரைத்திறன் ஹைப்ரிட்டும் இவ்வளவு நெருக்கமா?

சரி, காருக்குள்ளிருந்து எடுத்த வீடியோவில் ஸ்டாப்வாட்ச் வைத்து டி13 பகுதியை மட்டும் அளந்தேன். ஒவ்வொரு முறையும் ஒரு நேரம் வருகிறது. இங்கே பத்தில் ஒரு நொடிகூட முடிவை மாற்றிவிடும்.

அந்த நேர்பாதைக்கு ஆகும் நேரத்தை ஒவ்வொரு காருக்கும் தனியாக, நம்பகமாகக் கணக்கிட என்ன வழி?