7,721-க்கு வவுச்சர் இருக்கு, 40,000-க்கு இருக்கா?

மன்னை ஆடிட்டர்: முள்ளிவாய்க்கால்ல நாற்பதாயிரம் பேர் செத்தாங்கன்னு நேத்து தஞ்சாவூர் கூட்டத்துல ஒருத்தர் முழங்கினார். இலங்கையில இருந்த ஐ.நா. அலுவலர்களே போட்ட கணக்கு 7,721. வவுச்சர் இல்லாத தொகையை நான் பேரேட்டுல ஏத்த மாட்டேன்.

அக்கரைப்பேட்டையான்: அந்தக் கணக்கு 2009 மே 13-ஆம் தேதியோட நின்னுபோச்சு சார். சண்டை ஓய்ஞ்சது 18, 19-ல. நடுவுல யாரும் சாகலையா?

மன்னை ஆடிட்டர்: 7,721 தப்புங்கிறீங்களா?

அக்கரைப்பேட்டையான்: அவங்க ஆளுங்க பார்த்தது மட்டும்தான் அது. ஷெல்லடியில விழுந்த இடத்துலயே விட்டுட்டு ஓடின பிணம் எந்த ரிஜிஸ்தர்ல வரும்? 2011-ல ஐ.நா. நிபுணர் குழுவே இதைச் சொல்லிருச்சு.

மன்னை ஆடிட்டர்: அதே குழு ‘40,000 வரை இருக்கக்கூடும், தள்ளிவிட முடியாது’ன்னுதான் எழுதுச்சு. செத்தாங்கன்னு எழுதலை. முழுசாப் படிங்க.

அக்கரைப்பேட்டையான்: மே 13. அதுக்குப் பதில் சொல்லுங்க.

குடந்தைப் பொடியன்: மன்னார் ஆயர் ராயப்பு ஜோசப் சொன்ன 1,46,679 யாருக்குமே ஞாபகம் இல்லையா?

மன்னை ஆடிட்டர்: தம்பி, அது சாவுக் கணக்கே இல்லை. வன்னியில 2008 அக்டோபர்ல இருந்ததா கச்சேரி, அதாவது அங்கத்த மாவட்ட அரசாங்க ஆபீஸ், சொன்னது 4,29,059. அரசாங்கப் பக்கம் வந்து சேர்ந்தது 2,82,380. கழிச்சா மிச்சம். பள்ளிக்கூடத்துல கழித்தல் சொல்லித்தரலையா?

குடந்தைப் பொடியன்: சொல்லித்தந்தாங்க. அந்த மிச்சம் மகாமகத்துக்குப் போயிருக்கா?

திருவாரூர் தேரடி: மேட்டூர் தண்ணி விவாதத்துலயும் இவர் இதே கதைதான். கடைமடை வரைக்கும் போயிருச்சுன்னு ரெக்கார்டு நீட்டினார். எங்க வாய்க்கால்ல தவளைகூட நனையலை.

மன்னை ஆடிட்டர்: மேட்டூரை ஏன் இங்க இழுக்கறீங்க? அங்கேயும் நான் சொன்ன கியூசெக் சரிதான். 7,721-க்கு வாங்க.

திருவாரூர் தேரடி: சரியாம்! நாத்து கருகினது எங்க வயல்லங்க.

அக்கரைப்பேட்டையான்: சுனாமியில உடம்பு கிடைக்காத வீடு எங்க தெருவுலயே உண்டு. டிசம்பர் 26 வந்தா படத்துக்கு முன்னாடி இலை போட்டு மீன்குழம்பு வைக்கிறாங்க. அவங்ககிட்ட போய் வவுச்சர் கேளுங்களேன்.

மன்னை ஆடிட்டர்: அழுகையை வச்சுக் கணக்கு முடிக்க முடியாது. சுனாமிக்கு ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், தாசில்தார் விசாரணை எல்லாம் இருந்துச்சு. இங்க என்ன இருக்கு?

அக்கரைப்பேட்டையான்: அதைத்தான் நானும் கேக்குறேன். விசாரிக்க ஆளை உள்ள விட்டாங்களா? விடாதவனை விட்டுட்டு எங்கிட்ட ரசீது கேக்குறீங்க.

குடந்தைப் பொடியன்: 2012-ல வந்த ஐ.நா. உள் ஆய்வுல 70,000 பேருக்கு மேல கணக்குல வரலைன்னு இருக்கே, ஆடிட்டர் சார்?

மன்னை ஆடிட்டர்: கணக்குல வரலைன்னா செத்தாங்கன்னு அர்த்தமா? ராத்திரி விரிவா எழுதறேன். அதுவரைக்கும் 7,721.

அக்கரைப்பேட்டையான்: மே 13 வரைக்கும்.