கெட்டி மேளத்துக்கு நாய் அசையவே இல்லையாம்!

கோம்பைக்காரன்:
கல்யாண ஏற்பாடு பற்றிய இழையில் மீனா_திருச்சி நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. தங்கை கல்யாணத்தில் வீட்டு லேப்ரடாருக்குப் பட்டு வேட்டி கட்டி, மாலை போட்டு, மணமேடையிலேயே உட்கார வைத்தார்களாம். கெட்டி மேளம் முழங்கியபோதும் அது அசையவே இல்லையாம். 'பழக்கினால் எந்த நாயும் உட்காரும், தைரியமாகச் செய்யுங்கள்' என்று ஊருக்கே யோசனை வேறு. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்து நாய் இல்லாத நாளே கிடையாது. சொல்கிறேன், கெட்டி மேளத்துக்கு அசையாத நாய் இல்லை. அசையவில்லை என்றால் பயத்தில் உறைந்துபோயிருக்கிறது. இவர் பேச்சைக் கேட்டு நாலு பேர் நாயை மேடையேற்றினால் அந்தப் பாவம் யாருக்கு?

மீனா_திருச்சி:
வாங்க சார். லேப்ரடார் என்றாலே உங்களுக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். போன தடவையும் 'சோற்று மூட்டை' என்று எழுதினீர்கள், மறக்கவில்லை. எங்கள் பிரவுனி தங்கையின் காலடியிலேயே வளர்ந்தவன். அவள் கழுத்தில் தாலி ஏறும்போது அவனை எங்கோ கட்டிப்போட்டுவிட்டு நாங்கள் மட்டும் சிரித்துக்கொண்டு நிற்பதா? முன்கூட்டியே போனில் நாதஸ்வரமும் தவிலும் போட்டுக் காட்டிப் பழக்கினோம். அவன் அசையவில்லை. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். நீங்கள் பார்த்தீர்களா?

கோம்பைக்காரன்:
போனிலா! போனில் கேட்கிற தவிலும், பத்தடி தூரத்தில் ரெண்டு தவில் சேர்ந்து இரைகிறதும் ஒன்றா? சத்தத்தைக்கூட விடுங்கள். அந்த நேரத்தை நாய் இருக்கும் இடத்திலிருந்து பாருங்கள். ஐயர் கையைத் தூக்குகிறார். யாரோ 'கெட்டி மேளம், கெட்டி மேளம்' என்று கத்துகிறார். அதுவரை உட்கார்ந்திருந்த சனம் மொத்தமும் எழுந்து நின்று, கையை ஓங்கி, மேடையைப் பார்த்து எறிகிறது. நமக்கு அது அட்சதை. நாய்க்குக் கையை ஓங்கினால் என்ன அர்த்தம் என்று எந்தத் தெருநாயைக் கேட்டாலும் தெரியும்.

தவில்_வீட்டுப்பிள்ளை:
நாய் விஷயம் எப்படியோ போகட்டும். தவில் 'இரைகிறது' என்று எழுதியது யார்? வலது கை விரல்களில் கூடு மாட்டி, இடது கையில் குச்சி பிடித்து, கை காய்த்துப்போகிற வரை சாதகம் செய்து வாசிக்கிற வாத்தியம் ஐயா அது. தாலி ஏறும்போது தும்மலோ அபசகுனமான பேச்சோ காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டி மேளமே. எழுதியதை மாற்றுங்கள்.

ராஜகோபாலன்_மாமா:
யாரும் மூல விஷயத்துக்கே வரவில்லை. ஹோமம் வளர்க்கிற இடத்தில் நாய் வரலாமா? நாயைப் பிடிக்கும் என்றால் வீட்டில் கொஞ்சுங்கள். அக்னி சாட்சியாக நடக்கிற இடத்தில் என்ன வேலை?

மீனா_திருச்சி:
மாமா, தருமர் சொர்க்கத்துக்கே நாயை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று நின்றார். நாங்கள் கல்யாண மண்டபத்துக்குத்தான் கூட்டிப்போனோம்.

ராஜகோபாலன்_மாமா:
அது தருமதேவதை நாய் உருவில் வந்தது. உங்கள் பிரவுனியும் அப்படியா?

கோம்பைக்காரன்:
மகாபாரதத்தைக் கடைசியிலிருந்து படித்தால் போதாது, மாமா. ஆதிபர்வத்தைப் பாருங்கள். ஜனமேஜயன் யாகம் செய்த இடத்துக்கு ஒரு நாய்க்குட்டி வந்தது. யாகத்துக்கு வைத்த அவிசை நக்கவில்லை, ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை. அவன் தம்பிகள் அதை அடித்து விரட்டினார்கள். தாய் சரமை நேரே வந்து நியாயம் கேட்டாள், பதில் இல்லை, சாபம் கொடுத்துவிட்டுப் போனாள். யாகத்துக்கு நாய் வந்ததால் கேடு வரவில்லை, அதை அடித்ததால் வந்தது. எனக்குத் தீட்டுக் கணக்கு கிடையாது. நான் பேசுவது நாய்க்காக. அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்: கெட்டி மேளத்துக்கு அசையவில்லை என்றால் என்ன அர்த்தம்?

மீனா_திருச்சி:
அமைதியாக இருந்தான் என்று அர்த்தம். இதில் என்ன குழப்பம்?

சேலம்_சரண்:
எனக்கு வைகாசியில் கல்யாணம். மண்டபத்தில் நாயை உள்ளே விடுவார்களா, தனியாக எழுதி வாங்க வேண்டுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வாணி_கால்நடை:
நான் கால்நடை மருத்துவர். ரெண்டு பேருக்கும் ஒன்று சொல்கிறேன். அமைதியாக இருக்கிற நாயும் அசையாது, பயந்து உறைந்த நாயும் அசையாது. உடம்பைப் பார்த்தால்தான் தெரியும். காது பின்னால் மடிந்திருக்கிறதா, வால் இடுக்கிக்கொண்டிருக்கிறதா, தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறதா, சும்மா சும்மா உதட்டை நக்குகிறதா, கண்ணின் வெள்ளை ஓரத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். இன்னொன்று. கல்யாணத்துக்கு முன்னால் 'டாக்டர், மயக்கத்துக்கு ஏதாவது கொடுங்கள்' என்று வருகிறார்கள். பழைய அசிப்ரோமசின் மாத்திரை உடம்பைத்தான் தளர்த்தும், சத்தத்தின் மேலுள்ள பயம் உள்ளே அப்படியே இருக்கும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். பந்தியில் ஆசையாகப் பாயசமும் ஊட்டாதீர்கள். அதில் கிடக்கிற உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தையே கெடுத்துவிடும்.

கோம்பைக்காரன்:
கேட்டீர்களா? டாக்டரம்மாவே சொல்லிவிட்டார், உறைந்த நாய் அசையாது.

மீனா_திருச்சி:
'அமைதியாக இருக்கிற நாயும் அசையாது' என்பதுதான் முதலில் இருக்கிறது. பாதியை மட்டும் படிப்பது உங்களுக்குப் பழக்கம். இதோ, மேடையில் எடுத்த படத்தையே போட்டிருக்கிறேன். எவ்வளவு அழகாக உட்கார்ந்திருக்கிறான் பாருங்கள்.

கோம்பைக்காரன்:
பார்த்தேன். பெரிதாக்கியும் பார்த்தேன். காது ரெண்டும் பின்னால். தலை மாப்பிள்ளை பக்கம், கண் தவில் பக்கம், ஓரத்தில் வெள்ளை பளிச்சென்று தெரிகிறது. எல்லாவற்றையும்விட, வாய் இறுக மூடியிருக்கிறது. எதிரே ஹோமகுண்டம், மேலே வீடியோக்காரர் விளக்கு, உடம்பில் பட்டு. நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். அந்தச் சூட்டில் லேப்ரடார் வாயைத் திறந்து நாக்கைத் தொங்கவிட்டிருக்க வேண்டாமா? வாயை மூடி உறைந்து உட்கார்ந்திருக்கிறது. இதைத்தான் அழகு என்கிறீர்கள்.

மீனா_திருச்சி:
அது ஏசி மண்டபம்!

கோம்பைக்காரன்:
ஹோமப் புகைக்கு நடுவில் ஏசி ஓடியதாக்கும்.

மீனா_திருச்சி:
ஓடியது. பணம் கட்டியது எங்கள் அப்பா, நீங்கள் இல்லை.

ஈரோடு_அறிவு:
ஹோமம், புகை, மேளம், இவை எல்லாம் இருந்தால்தானே இந்தச் சிக்கல்? எங்கள் வீட்டில் சுயமரியாதைத் திருமணம். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி 7ஏ பிரிவு சேர்த்த பிறகு, உற்றார் முன்னிலையில் மாலை மாற்றினாலே செல்லும். எங்கள் சிப்பிப்பாறை நாய் முன்வரிசையில் அம்மா காலடியில் படுத்துத் தூங்கியது.

ராஜகோபாலன்_மாமா:
எங்கே என்ன பேச்சு நடந்தாலும் இதை இழுத்துக்கொண்டு வந்துவிடுவீர்கள்.

ஈரோடு_அறிவு:
நாய்க்கு இடமில்லை என்று ஆரம்பித்தது நீங்கள்தான் ஐயா. யாருக்கு எங்கே இடமில்லை என்று சொல்வதே உங்களுக்கு வேலை.

கோம்பைக்காரன்:
அறிவு தம்பி, உங்கள் கல்யாணத்தில் கெட்டி மேளம் கிடையாது, அதனால் இந்தக் கணக்கில் சேராது. சிப்பிப்பாறையைப் பற்றித் தனியாகப் பேசுவோம், நல்ல நாய். நான் கூட்டிப்போகவே வேண்டாம் என்று சொல்லவில்லை. பந்தக்கால் நடும் அன்று பொண்ணு பக்கத்தில் நிற்கட்டும். முகூர்த்தத்தன்று விடிகாலையில், கூட்டம் சேருமுன் நாலு படம் எடுங்கள். அப்புறம் அதற்கு நன்றாகப் பழகின ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப்போய்விட வேண்டும். அந்த ஆள் சாப்பாட்டுப் பந்திக்குப் பிந்தினாலும் பரவாயில்லை. தாலி கட்டும் நேரத்தில் மேடையில் நாய் கூடாது.

மீனா_திருச்சி:
தாலி கட்டும் நேரத்தில் இல்லாமல் பந்தக்காலுக்கு மட்டும் வருவதற்கு அவன் என்ன பந்தல்காரரா? வீட்டுப்பிள்ளை சார். அவன் அசையவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் இதுதான்.

தவில்_வீட்டுப்பிள்ளை:
'இரைகிறது' இன்னும் அப்படியே இருக்கிறது.

கோம்பைக்காரன்:
தம்பி, உங்கள் வாத்தியத்தை நான் குறை சொல்லவில்லை. நாய்க்கு அப்படித்தான் கேட்கும் என்றேன்.

தவில்_வீட்டுப்பிள்ளை:
நாய்க்கு எப்படிக் கேட்கும் என்று உங்களிடம் வந்து சொல்லியதா?

மீனா_திருச்சி:
அப்படிக் கேளுங்கள் தம்பி. பயந்தது என்றும் அதுவே வந்து சொல்லவில்லை.

கோம்பைக்காரன்:
வாய் இருந்தால் சொல்லியிருக்கும். இல்லாததால்தான் நான் கத்திக்கொண்டிருக்கிறேன். சரி, வீடியோ எடுத்திருப்பீர்களே. ஐயர் கையைத் தூக்கியதிலிருந்து மேளம் அடங்கும் வரை, வெட்டாமல் போடுங்கள். நாயை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

மீனா_திருச்சி:
வீடியோக்காரர் அந்த நேரத்தில் தாலியை எடுப்பாரா, நாயை எடுப்பாரா?

கோம்பைக்காரன்:
அப்போது நீங்களும் தாலியைத்தானே பார்த்துக்கொண்டிருந்திருப்பீர்கள்? அசையவில்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

மீனா_திருச்சி:
அவன் கயிறு என் கையில் இருந்தது சார். என் கைக்குத் தெரியாதா?

கோம்பைக்காரன்:
கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார வைத்தீர்களா? இதை நேற்று எழுதவே இல்லையே!