புதுப்பிப்பு: ரொறன்ரோ, ஸ்காபரோ கரப்பந்து (வொலிபோல்) லீக்கில் சேர்ந்துவிட்டேன்

நாற்பது தாண்டியவரை, அதுவும் தனியாளாகப் பதிந்தால், சேர்ப்பார்களா என்று குளிர் தொடங்க முதல் கேட்டிருந்தேன். சேர்த்தார்கள். தனியாகப் பதிந்தவர்களை எல்லாம் ஒன்றாக்கி ஒரு அணியே அமைத்துவிட்டார்கள். வியாழன் இரவு, பாடசாலை ஜிம்மில் ஆட்டம்.

ஆண், பெண் கலந்து ஆறு பேர். நடுவர் கிடையாது, வலையில் கை பட்டால் பட்டவரே சொல்ல வேண்டும். சொல்கிறார்கள், அதுதான் ஆச்சரியம்! வாக்குவாதம் எல்லாம் தடுப்பில்தான், அதாவது எதிரணி அடிக்கும் பந்தை வலையருகே கை உயர்த்தி மறிப்பதில். தடுத்தவர் கையில் பட்டது, அணிக்கு உள்ள மூன்று தொடுகைகளில் ஒன்றா? கடற்கரை ஆட்டத்தில் ஆம், உள்ளரங்கில் இல்லை. இதை ஒவ்வொரு கிழமையும் யாராவது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

எதிரணி போடும் சேர்விஸை வாங்கி எடுப்பதுதான் எனக்குப் பாடு. முன்னங்கை இரண்டும் சிவந்துபோகும். எங்கள் செற்றர், அதாவது அடிப்பவருக்குப் பந்தை உயர்த்திக் கொடுப்பவர், ஒரு தமிழ்ப் பிள்ளை, "அண்ணா, கையை வீசாதேங்கோ, முழங்காலை மடியுங்கோ" என்று கத்தியபடியே இருப்பாள். மடித்தால் பந்து உண்மையிலேயே அவளிடம் போகிறது. அடுத்த நாள் முழங்கால் பேசும், அது வேறு கதை.

சரி, வர யோசிப்பவர்களுக்கு: தரையில் தடம் விழாத அடியுள்ள சப்பாத்துக் கட்டாயம், வாசலிலேயே பார்க்கிறார்கள். முழங்கால் உறையும் வாங்குங்கள். எங்கள் அணிக்கு இன்னும் ஒரு ஆள் குறைகிறது, வியாழன் வரக்கூடியவர்கள் சொல்லுங்கள்.