ஐஏஎம்சிஆரில் புதிய பணிக்குழு: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

நண்பர்களே, வணக்கம். 1957இல் யுனெஸ்கோ ஆதரவோடு பாரிஸில் தொடங்கிய ஐஏஎம்சிஆர் என்ற சர்வதேச ஊடக ஆராய்ச்சிச் சங்கம் பற்றி இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். 2014இல் ஹைதராபாத்தில் அவர்களின் மாநாடு நடந்தது. சங்கத்தில் நிரந்தரப் பிரிவுகள் தவிர, பணிக்குழுக்களும் உண்டு. கடலோர மக்களின் ஊடகங்களுக்கென்று ஒரு பணிக்குழு கேட்டு விண்ணப்பிக்கலாம் என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம்.

பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் கடல் ஓசை வானொலியை எடுத்துக்கொள்ளுங்கள். காற்று, அலை நிலவரம் எல்லாம் மீனவர்களுக்குப் புரிகிற பேச்சிலேயே வருகிறது. இதுபோன்ற நிலையங்களை ஆராய்பவர்கள் ஆளுக்கொரு மூலையில் இருக்கிறோம்.

சிக்கல் என்னவென்றால், சமுதாயத் தொடர்புக்கும் (உள்ளூர் மக்கள் தாங்களே நடத்தும் வானொலி போன்றவை) மாற்று ஊடகங்களுக்கும் சங்கத்தில் ஏற்கெனவே ஒரு பிரிவு இருக்கிறது. "அதிலேயே சேர்ந்துகொள்ளலாமே" என்று கேட்டால் என்ன சொல்வது? புயல் எச்சரிக்கை, கடல் எல்லை, மீன்பிடித் தடைக்காலம் இவையெல்லாம் தனிக் கவனம் கேட்பவை என்பது என் உறுதியான எண்ணம். அதை எப்படி எழுதினால் எடுபடும்?

பணிக்குழு எதிலாவது இருந்தவர்கள், முன்மொழிவு எழுதியவர்கள் சொல்லுங்கள். சங்கத்தின் அலுவல் மொழிகள் ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ். அதனால் பிரெஞ்சு தெரிந்த புதுச்சேரி நண்பர்கள் யாராவது வரைவைப் பார்த்துத் தந்தால் பெரிய உதவி. இலங்கை, கேரளக் கடலோரத்தில் ஆய்வு செய்பவர்களும் சேரலாம், அவசியம் எழுதுங்கள்.